வானைத் திருப்பாத வெள்ளிக்கிழமை

போன மாதம் என் தங்கையின் மகள் விடுமுறை முடிந்து திரும்பிப் போனாள். மன்னாரிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கார் வேண்டும். கைபேசியை எடுத்தாள், நாலு தட்டுத் தட்டினாள், "சரி பெரியம்மா, புக் பண்ணியாச்சு" என்றாள். நான் விடவில்லை.

"என்ன கேட்டவை?"

"ஒண்டும் கேக்கேல்ல. எங்க ஏறுறது, எங்க இறங்கிறது, அவ்வளவுதான்."

"எத்தினை பெட்டி எண்டு கேக்கேல்லையோ?"

"இல்லை."

"வழியில மடுவுக்குப் போறதெண்டால்?"

"அதுக்கு அதில இடமில்லை, பெரியம்மா."

எனக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன். கார் நேரத்துக்கு வந்தது, அவளும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனுசியை விமானத்துக்கு அனுப்புவதென்றால் ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பலாம் என்பதை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கேள்வி கேட்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் தொழில். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு வான் விடும் ஒரு கந்தோர், அதில் தொலைபேசிக்கு முன்னால் ஒரு கதிரை, அந்தக் கதிரையில் நான். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களைக் கூட்டி வரவும் கொண்டுபோய் விடவும் வான் ஒழுங்கு செய்வது என் பொறுப்பு. அத்தனை வருடத்தில் எங்கள் வானில் ஏறிய ஒருவரும் விமானத்தைத் தவறவிடவில்லை. தற்பெருமை என்று யாராவது நினைத்தால் தாராளமாக நினைக்கட்டும்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டச்சும் கொஞ்சம் சிங்களமும்தான். முதல் மூன்று மாதம் தொலைபேசியைத் தொட முதலாளி விடவில்லை. பக்கத்தில் இருந்து கேட்கச் சொன்னார். பிறகு ஒருநாள் என்னை வானில் ஏற்றி விமான நிலையம்வரை அனுப்பினார். மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று ஒவ்வொரு ஊரிலும் மணி பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வழி தெரியாத ஆள் நேரம் சொல்லக் கூடாதாம். என் பயிற்சி அதோடு முடிந்தது.

முதலாளியை ஊரில் எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. எருக்கலம்பிட்டிக்காரர். சாரதியாகத் தொடங்கி, ஒரு வான் வாங்கி, அது நாலாகி முதலாளியானவர். சாரதிக்கும் எனக்கும் தேத்தண்ணி கொண்டு வருகிறவருக்கும் அவரிடம் "நீங்கள்" தான். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைப்பார். ஒரு நிமிடம் துடைத்தால் சின்னக் கோபம். மூன்று நிமிடம் துடைத்தால் சாரதிமார் வெளியே போய் வானைக் கழுவத் தொடங்கிவிடுவார்கள்.

அவர் எனக்குச் சொல்லித்தந்த ஒழுங்கு இதுதான். யார் வந்து என்ன திகதி சொன்னாலும் நம்பக் கூடாது, டிக்கெட்டை என் கண்ணால் பார்க்க வேண்டும். இருபதாம் திகதி அதிகாலை ஒரு மணிக்கு விமானம் என்றால் எங்கள் சனம் இருபதாம் திகதி பின்னேரம்தான் பெட்டி கட்டத் தொடங்கும். அப்படி எத்தனை குடும்பத்தை ஒருநாள் முந்தி வெளிக்கிடுத்தியிருக்கிறேன்! அடுத்தது, பறக்கிறது எத்தனை பேர், வழியனுப்ப வருகிறது எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். "நான் ஒராள்தான்" என்று புக் பண்ணிவிட்டு, விடியப் பார்த்தால் மாமி, சித்தி, அண்ணன் குடும்பம், பக்கத்து வீட்டு அன்ரி என்று பதினொரு பேர் வாசலில் உடுத்திக்கொண்டு நிற்பார்கள். பெட்டி எத்தனை, அதில் கருவாடு எதற்குள், அது எத்தனை பொலித்தீனுக்குள் என்பதும் கேள்விதான். ஒருமுறை கனடாக்காரர் ஒருவர் கேட்கக் கேட்க இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். புத்தளம் தாண்ட முதல் வானுக்குள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்களாம்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான கேள்வி: வழியில் எங்கே நிற்பீர்கள்? கத்தோலிக்கர் என்றால் மடு மாதா கோவிலுக்குப் போகாமல் நாட்டை விட்டு வெளிக்கிடமாட்டார்கள். அரை மணித்தியாலம் என்று சொல்வார்கள், நான் ஒரு மணித்தியாலம் போட்டுக்கொள்வேன். முசலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் வாசலில் நின்று துஆ ஓதி முடிய, கட்டிப்பிடித்து அழுது முடிய, இருபது நிமிடம். எல்லாவற்றையும் கூட்டி, விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வருவேன். கடைசியில் இன்னும் ஒரு மணித்தியாலம் சேர்ப்பேன். அதற்கு எங்கள் கந்தோரில் டயர் மணி என்று பெயர். டயர் போகாத நாளில் சனம் விமான நிலையத்தில் சும்மா இருந்து என்னைத் திட்டும். திட்டட்டும்.

விடுமுறைக்கு வந்த சிலர் கைபேசியில் வரைபடத்தைக் காட்டி எனக்கே வழி சொல்லித்தருவார்கள். "அக்கா, இஞ்ச பாருங்கோ, முள்ளிக்குளத்தால நேர கீழ இறங்கினால் புத்தளம். நீங்கள் ஏன் மதவாச்சியால சுத்திறீங்கள்?" வில்பத்துக் காட்டுக்குள்ளால் எங்கள் வானை விடமாட்டார்கள் தம்பி, யானையிடம் பாஸ்போட் காட்டினாலும் விடாது என்று சொல்லி அனுப்புவேன்.

இன்னும் இரண்டு சட்டம் உண்டு. எங்கே நின்றாலும், திரும்ப வானை எடுக்க முதல் சாரதி பின்னால் திரும்பி, "பாஸ்போட்டைக் கையில காட்டுங்கோ" என்று சொல்ல வேண்டும். பாஸ்போட்டைக் கண்ணால் கண்ட பிறகுதான் வான் அசையும். மற்றது எனக்கென்றே ஹாஜியார் போட்டது. "தங்கச்சி, ஆக்கள் எங்க நிக்கப் போகினம் எண்டு கேளுங்கோ. அங்க போய் என்ன செய்யிறது எண்டு சொல்லாதீங்கோ. எங்கட வேலை வாகனம்."

இந்த இரண்டு சட்டமும் ஒரே பயணத்தில் முறிந்தது. இரண்டாவதை முறித்தவள் நான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் றொமிலா கந்தோருக்கு வந்தாள். விடத்தல்தீவுப் பிள்ளை, கலியாணம் முடித்து வெளிநாட்டில் இருந்தாள். மூன்று கிழமை விடுமுறையில் அண்ணன் பிரான்சிஸ் வீட்டுக்கு வந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"அக்கா, நாளைக்கு எயார்போட்டுக்கு வான் வேணும்."

டிக்கெட்டைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை இரவு ஏழரைக்கு விமானம். திரும்பிப் போக இன்னும் பத்து நாள் இருந்ததே என்று கேட்டேன். அப்போதுதான் உடைந்து அழுதாள். அவளுடைய ஆறு வயது மகனுக்கு இதயத்தில் கோளாறு. தூரப் பயணம் கூடாது என்று தகப்பனோடு விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள் திரும்பிய பிறகுதான் சத்திரசிகிச்சை என்று இருந்தது. திடீரென்று ஆஸ்பத்திரியில் ஒரு இடம் கிடைத்து, திங்கட்கிழமை காலைக்கு மாற்றிவிட்டார்கள். டிக்கெட்டை மாற்றப் போனால் இந்த விமானத்தில்தான் இடம் இருந்தது. இதை விட்டால் அடுத்தது திங்கட்கிழமைதான்.

"உள்ளுக்குக் கொண்டுபோகேக்க கையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன் எண்டு சொல்லிப்போட்டன், அக்கா. அவன் போன்ல திருப்பித் திருப்பி அதைத்தான் கேக்கிறான். மடுவுக்கும் ஒருக்காப் போக நேரம் காணுமோ?"

எண்ணிப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் மடுவுக்கும் நேரம் இருந்தது, டயர் மணியும் இருந்தது. அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். நானும் ஒரு தாய். மடு மாதாவிடம் எத்தனையோ முறை முழங்காலில் நின்றவள். மனம் பொறுக்கவில்லை.

"ஒரு மன்றாட்டு எழுதி, பிள்ளையின்ர படத்தையும் வைச்சு, மாதாவின்ர மன்றாட்டுப் பெட்டிக்குள்ள போடுங்கோ. பாஸ்போட்டையும் காலடியில ஒருக்கா வைச்சு எடுங்கோ" என்றேன். சொன்னதோடு நின்றேனா? மேசை லாச்சியைத் திறந்து, கந்தோர் முத்திரை குத்திய இரண்டு பழுப்புக் கடித உறைகளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஒன்று மன்றாட்டுக்கு, மற்றது பாஸ்போட்டுக்கு. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம்.

வெள்ளிக்கிழமை பதினொன்றேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. புத்தளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்திலிருந்து சாரதி செல்வம்.

"அக்கா, பாஸ்போட் இல்லை."

"மடுவில கையில காட்டச் சொன்னனீரோ?"

"சொன்னனான். கவரைத் தூக்கிக் காட்டினவ. அழுதுகொண்டிருந்தவ, அதால திறந்து காட்டச் சொல்ல மனம் வரேல்ல. இப்ப திறந்து பாத்தால் கடிதமும் பிள்ளையின்ர படமும்தான் கிடக்கு."

பாஸ்போட் எங்கே என்று அவர் சொல்லத் தேவை இருக்கவில்லை. மடுவில் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் மற்றவர்களின் மன்றாட்டுகளோடு கிடந்தது.

தங்கையை வழியனுப்ப வானில் போன பிரான்சிஸ் தொலைபேசியைப் பறித்துக்கொண்டார். "தங்கச்சி, வானைத் திருப்பச் சொல்லுங்கோ! இவன் நீங்கள் சொன்னால்தான் திருப்புவனாம்!"

பயத்திலும் கை தன் வேலையைச் செய்தது. துண்டுக் கடதாசியில் எழுதிக் கூட்டினேன். வான் திரும்பினால் மடுவுக்குப் போக இரண்டு மணியாகும். அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஐந்தேகால் மணித்தியாலம். ஏழேகாலுக்கு வாசலில் நிற்பார்கள், விமானம் ஓடுபாதையில் நிற்கும். ஆறரைக்குக் கவுண்டரே மூடிவிடும். திருப்பாவிட்டால்? பாஸ்போட் மட்டும் ஒரு மணிக்கு முதல் மடுவிலிருந்து வெளிக்கிட்டால் போதும்.

"திருப்பவேண்டாம் அண்ணன். நீங்கள் எயார்போட்டுக்குப் போய்க்கொண்டிருங்கோ. பாஸ்போட் பின்னால வரும்."

"பின்னால நடந்து வருமோ? விசர்க் கதை கதைக்காதேங்கோ!"

"நான் அனுப்பிவைக்கிறன். வான் திரும்பினால் றொமிலா இண்டைக்குப் போகமாட்டா. எழுதித் தாறன்."

அவர் ஏசிக்கொண்டே இருந்தார். நான் செல்வத்திடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "வானின்ர மூஞ்சியைத் தெற்கால வைச்சுக்கொண்டு போம்" என்று மட்டும் சொன்னேன். செல்வம் போனார். அன்று என் வார்த்தையை நம்பி அவர் வானை எடுத்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சொல்லியாகிவிட்டது. யாரை அனுப்புவது? இரண்டு வான் வேறு ஓட்டத்தில். மீதி ஒரு வானின் சாரதி ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார். மடுக் கோவில் கந்தோருக்கு எடுத்தேன். பெட்டியின் பூட்டுத் திறப்பு பாதரிடம், பாதர் சாகக் கிடக்கும் ஒருவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போயிருக்கிறார், பன்னிரண்டரைக்குள் வந்துவிடுவார் என்றார்கள். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் ஹாஜியார் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாகப் பள்ளிக்குப் போக வெளிக்கிட்டு நின்றார்.

நடந்ததையும், பாஸ்போட் எங்கள் கந்தோர்க் கவருக்குள் கிடப்பதையும் சொன்னேன். அந்தக் கவரைக் கொடுத்தது நான் என்பதையும் நான் சொன்ன புத்தியையும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கண்ணை ஒருமுறை கசக்கிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"கார்த் திறப்பை எடுங்கோ."

"ஹாஜியார், ஜும்மா..."

"பிரயாணக்காரனுக்கு மார்க்கத்தில சலுகை இருக்கு, தங்கச்சி. நான் இப்ப பிரயாணக்காரன்."

அவர் தூர ஓட்டம் ஓடி எட்டு வருடம் இருக்கும். பதினொன்றரைக்கு அவருடைய பழைய வெள்ளைக் கார் பாலத்தடிப் பக்கம் திரும்பியதைக் கந்தோர் வாசலில் நின்று பார்த்தேன்.

மடுவில் நடந்ததைப் பிறகு கோவில் பணியாளர் எனக்கு விவரமாகச் சொன்னார். ஹாஜியார் செருப்பை வெளியே விட்டு, பாதர் வரும்வரை ஓரமாக நின்றிருக்கிறார். பாதர் வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே கடிதம் குவிந்து கிடந்தது. "நீங்களும் வந்து தேடுங்கோ ஹாஜியார், கெதியா முடியும்" என்று பாதர் கூப்பிட்டாராம். இவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாராம். "இல்லை பாதர். அது ஆக்களின்ர மன்றாட்டு, நான் பாக்கக் கூடாது. எங்கட கவரில கந்தோர் முத்திரை இருக்கும். நீங்களே எடுத்துத் தாங்கோ." பன்னிரண்டு நாற்பதுக்குப் பாஸ்போட் வெளிக்கிட்டது.

கார் ஓட்டும்போது ஹாஜியார் போனில் பேசமாட்டார். ஒவ்வொரு ஊரையும் தாண்டியதும் நிறுத்தி, கந்தோர்த் தொலைபேசிக்கு ஒரு அடி அடித்து வெட்டிவிடுவார். அன்று அந்த ஒற்றை அடிகளை வைத்துத்தான் நான் உயிரோடு இருந்தேன். மதவாச்சி, கணக்குச் சரி. அனுராதபுரம், சரி. புத்தளம், ஐந்து நிமிடம் முந்தியே வந்தது. மத்தியானச் சாப்பாட்டைத் திறந்தும் பார்க்கவில்லை. மாதாவிடம் கேட்கலாம் என்று நினைத்தேன், வெட்கமாக இருந்தது. எந்த முகத்தோடு கேட்பது? அவளுடைய பெட்டிக்குள் பாஸ்போட்டைப் போட வழிபண்ணியவளே நான்தானே.

சிலாபத்து அடி வரவில்லை. நாலே முக்காலுக்கு வந்திருக்க வேண்டும். ஐந்தாகியது, ஐந்து பத்தாகியது. கந்தோர் மூடும் நேரமும் தாண்டியது. பிரான்சிஸ் விமான நிலைய வாசலிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, "எங்க? எங்க வருது?" என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். எங்கே என்று எனக்கே தெரியாது. ஐந்து பதினைந்துக்கு அடித்தது. வீதியில் ஒரு லொறி குறுக்கே நின்றுவிட்டதாம், அதைப் பிறகுதான் அறிந்தேன். அரை மணித்தியாலம் போய்விட்டது. மறுபடி கூட்டிப் பார்த்தேன். ஆறு இருபத்தைந்து வந்தது. இரண்டாந்தரம் கூட்டினேன், அதே ஆறு இருபத்தைந்துதான். கவுண்டர் ஆறரைக்கு மூடும்.

செல்வத்துக்கு எடுத்தேன். "கார் நிப்பாட்டிற இடத்தில நிக்கவேண்டாம். றோட்டு வாசலுக்கு வந்து நில்லும். ஹாஜியார் இறங்கத் தேவையில்லை. யன்னலால வாங்கிக்கொண்டு ஓடும். றொமிலாவைக் கதவடியில நிக்கச் சொல்லும், பெட்டியைத் தள்ளுவண்டியில வைச்சுக்கொண்டு."

ஆறு இருபத்திரண்டுக்குச் செல்வம் எடுத்தார். மூச்சு வாங்கியது.

"குடுத்தாச்சு அக்கா. ஓடுறா. எல்லாரும் வழி விடுகினம்."

பிறகு ஒரு சத்தமும் இல்லை. கால் மணித்தியாலம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். ஆறு முப்பத்தெட்டுக்குப் பிரான்சிஸ் எடுத்தார். காலையில் ஏசிய அந்த மனுசன் அழுதுகொண்டிருந்தார்.

"உள்ளுக்குப் போயிட்டா, தங்கச்சி. கையைக் காட்டிப்போட்டுப் போயிட்டா."

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். திங்கட்கிழமை றொமிலாவிடமிருந்து செய்தி வந்தது: கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாளாம். பிள்ளை சுகமாகிவிட்டான். இப்போது தாயைவிட உயரம். கிறிஸ்மசுக்குப் படம் அனுப்புவாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய சனிக்கிழமையைப் பற்றி. ஹாஜியார் இரவு புத்தளத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, காலை ஒன்பதுக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். வந்தபோது பதினொரு மணி. இரவு முழுக்க நித்திரையில்லாமல் ஒத்திகை பார்த்த வசனத்தை அவர் கதிரையில் அமர முதலே சொல்லிவிட்டேன்.

"ஹாஜியார், அந்தப் பிள்ளைக்கு மன்றாட்டுப் பெட்டியைப் பற்றிச் சொன்னது நான். ரெண்டு கவரையும் குடுத்ததும் நான்தான். நேற்று உங்களுக்கு மறைச்சுப்போட்டன்."

"தெரியும். கவரில எங்கட முத்திரை இருக்கும் எண்டு நான் பாதருக்குச் சொன்னனான்தானே. உங்கட லாச்சியைத் தவிர வேற எங்க அந்தக் கவர் இருக்கு?"

"பிறகேன் ஏசேல்ல?"

"வானைத் திருப்பாதே எண்டு சொன்னதும் நீங்கள்தானே, தங்கச்சி. நான் எண்டால் திருப்பியிருப்பன்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். பேச்சை மாற்ற, ஏன் இவ்வளவு பிந்தியது, காரில் ஏதும் பழுதோ என்று கேட்டேன்.

"இல்லை, மடுவுக்குப் போட்டு வாறன்" என்றார். "எயார்போட்டில அந்தப் பிள்ளை பாஸ்போட்டை வாங்கின கையோட மற்றக் கவரைச் செல்வத்திட்டக் குடுத்து, இதை ஹாஜியாரிட்டச் சேர்த்துவிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு ஓடினதாம். திங்கட்கிழமைக்கு முதல் போய்ச் சேரவேண்டிய கடிதம். நான்தான் பெட்டிக்குள்ள போட்டனான்."

தேத்தண்ணி வந்தது. அவர் குடித்துவிட்டு, அடுத்த ஓட்டத்துக்கு யார் போகிறார்கள் என்று கேட்டார்.